காவிரிப் படுகையின் நாட்டு நாய்கள்

தமிழ்நாட்டு நாயினங்கள் என்றதும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கு பெயர்கள் நினைவுக்கு வரும். நான்குமே தென்பாண்டிச் சீமையிலும் மலையடிவாரத்திலும் உருவானவை. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வெட்டவெளியில் முயலை விரட்டிப் பிடிக்க ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் தேவைப்பட்டன. அந்தத் தேவைதான் சிப்பிப்பாறையையும் கன்னியையும் வடித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுக்குக் காவலாகவும் காட்டுப்பன்றிக்கு எதிராகவும் நிற்க வேண்டியிருந்ததால் கோம்பைக்குக் கட்டான உடலும் வலிய தாடையும் அமைந்தன. வெண்ணிற ராஜபாளையம் வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த நாயினங்கள் மூன்று. அவற்றில் கர்நாடகத்தின் முதோல் நாயுடன் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம்பெற்றன.

இந்த வரிசையில் சோழநாட்டுக்கு இடமில்லை. காலங்காலமாக நெல் விளையும் பூமியில் நாய்க்கு வேலை இல்லாமல் போயிருக்குமா? வேலை நிறையவே இருந்தது. காவிரிப் படுகையின் நாயை இனப்பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்காது. அது பார்த்த வேலையைக் கொண்டு தேடினால் ஊருக்கு ஊர் கிடைக்கும்.

கல்லும் ஓவியமும்

நாய்க்குக் கல்வெட்டில் இடம் கொடுத்த மரபு நம்முடையது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட நடுகல் உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது கோவிவன் என்ற நாய் என்று வட்டெழுத்து வரி சொல்கிறது. இது 7-ஆம் நூற்றாண்டுச் செய்தி.

சோழ வரலாற்றோடு நேரே பிணைந்த நாயும் ஒன்று உண்டு. 949-இல் தக்கோலப் போரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் வீழ்ந்தான். அவனை வீழ்த்தியவன் இராட்டிரகூடர் பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன் தன் வீரத்துக்குப் பரிசாகப் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. காளி என்ற நாயைக் கேட்டு வாங்கினான். பின்னர் அந்த நாய் பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது, இரண்டுமே மாண்டன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் காளிக்குக் கல் நாட்டி, பூசைக்கு நிலமும் விட்டார்கள். சோழ இளவரசனின் மரணத்தைச் சொல்லும் அதே கல் ஒரு நாயின் மரணத்தையும் சொல்கிறது. இன்று அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் தட்சிணாமூர்த்தி காட்சியில் பைரவரும் அவருடைய நாயும் உண்டு. தஞ்சை, திருச்சி வட்டாரத்து இனமாக நாய் வளர்ப்போர் சொல்லும் அலங்கு நாய்க்குப் பெரிய கோயில் ஓவியத்தையே சிலர் சான்று காட்டுவார்கள். ஓவியத்து நாய் பைரவரின் வாகனம். அந்தக் கோடுகளைக் கொண்டு ஓர் இனத்தின் வமிசாவளியை எழுதிவிட முடியாது. சிந்து, பஞ்சாப் பக்கத்துப் பருத்த காவல் நாயையும் அலங்கு என்ற பெயராலேயே அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஓவியம் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயிலின் உள்சுற்றிலேயே நாய்க்கு இடம் இருந்தது.

அந்த இடம் காவலுக்காகக் கிடைத்தது. சிவாலயத்தில் இரவு நடை சாத்துமுன் கடைசிப் பூசை பைரவருக்கு. கோயில் சாவியை அவர் காலடியில் வைத்து எடுப்பது பழைய வழக்கம். சீர்காழியில் எட்டுப் பைரவர்கள். ஊர் எல்லையில் ஐயனார் வேட்டைக்குப் புறப்படும்போதும் மண்குதிரையோடு மண்நாயும் நிற்கும்.

வரப்பும் வளையும்

படுகையின் நிலம் ஓடும் நாய்க்கு ஏற்றதன்று. சேறு, வாய்க்கால், ஒற்றையடி வரப்பு. இங்கே வேகத்தைவிட மூக்கும் காதும் முக்கியம். நடுத்தர உயரம், குட்டை முடி, விறைத்த காது, சுருண்ட வால், செவலையோ கறுப்போ வெள்ளையோ கலந்த நிறம்: நாம் வெறுமனே நாட்டு நாய் என்று சொல்லும் இந்த உருவம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பழகித் தேறியது.

அதன் திறமையைச் சம்பா அறுவடை முடிந்த வயலில் பார்க்க வேண்டும். எலி கதிரைக் கொறித்து வளைக்குள் சேர்த்து வைத்திருக்கும். வரப்பில் வளைகள் பல. எது வெற்று வளை, எதில் எலி இருக்கிறது என்று ஆளால் சொல்ல முடியாது. நாய் ஒவ்வொரு வாயிலும் மூக்கை வைத்துக் கடந்து போகும். ஓரிடத்தில் நின்று, காதை முன்னே மடக்கி, முன்னங்காலால் மண்ணைப் பறிக்கத் தொடங்கும். ஆட்கள் மற்ற வாய்களைச் சேற்றால் அடைத்துவிட்டு அங்கே மண்வெட்டி போடுவார்கள். எலியும் கிடைக்கும், சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். அந்த நெல் கூலிக் குடும்பங்களுக்கு ஒரு வேளை உலை. மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறியைப் பற்றி வேளாண் நூல்கள் எழுதுகின்றன. அதே வரப்பில் அதே வேலையைச் செய்த நாயைப் பற்றியும் அவை எழுத வேண்டும்.

களத்து நெல்லுக்கு இரவுக் காவல், வாத்துக் கூட்டத்தை நரி தூக்காமல் காப்பது, வைக்கோற்போரடியில் பாம்பு வந்தால் குரைத்து எழுப்புவது எல்லாம் இதே நாயின் பொறுப்பு.

கிடை நாய்

தை, மாசியில் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் எனப்படும் இடையர்கள் மந்தையோடு வருவார்கள். மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை வயலுக்கு வயல் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்த எழுத்தாளர் சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் இந்த இடையர் வாழ்வைச் சொல்வது.

மந்தையோடு வரும் நாய்க்கு ஊர் கிடையாது. கிடை போட்ட இடமே ஊர். பகலில் ஆட்டுக்கு முன்னும் பின்னும் நடக்கும். இரவில் கிடைக்கு வெளியே, காற்று வரும் பக்கம் பார்த்துப் படுக்கும். கிடையில் ஆடு இருமினால் அது அசையாது. வரப்பில் அந்நியர் காலடி விழுந்தாலோ நரியின் வாடை வந்தாலோ எழுந்துவிடும். ராமநாதபுரத்துப் பெருந்தலை மண்டை நாய் காவலுக்குப் பேர்போனது. இப்படி வந்த நாய்களும் உள்ளூர் நாய்களும் கலந்தே படுகையின் நாய் உருவானது. அதன் பெருமை வேலையில் இருக்கிறது. தூய ரத்தத்தில் அதைத் தேட வேண்டியதில்லை.

வேலை போனது

1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை நாய்கள் தொழில் இழந்தன. காட்டு உயிர்களுக்கு அந்தச் சட்டம் அவசியம். படுகையின் நாய்க்கு வேலை போன வழி வேறு. அறுவடை இயந்திரம் வந்தது. களமும் களத்துக் காவலும் போயின. உர மூட்டை வந்தது, கிடை குறைந்தது. எலிக்கு நஞ்சு வைத்தோம். அந்த எலியைத் தின்ற நாயும் செத்தது. வேலை இழந்த நாய்க்குத் தெருநாய் என்று பெயர் வைத்தோம். கூடவே பனிநாட்டு நாய்களை விலைக்கு வாங்கி, தஞ்சை வெயிலில் மூச்சு வாங்க வைக்கிறோம்.

இந்த நாயையும் பதிவு செய்து காப்பது எட்டாத காரியம் அன்று. சரபோஜி மன்னர் 1802-இல் முத்தாம்பாள் சத்திரம் கட்டிய ஒரத்தநாட்டில், 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓர் இனத்தைப் பதிவு செய்ய உடலமைப்பு, பரவல், எண்ணிக்கை, மரபான பயன் ஆகிய விவரங்கள் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு வரும் நாட்டு நாய் ஒவ்வொன்றுக்கும் உயரம், நிறம், வேலை ஆகியவற்றைக் குறித்து ஒரு படமும் எடுத்து வைத்தால் அந்தக் கணக்கு தானாகவே சேரும். கீதாரிகளிடமும் எலி பிடிப்போரிடமும் குட்டியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இன்னும் இருக்கிறது. மாணவர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்க ஆளிருக்காது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்து நாய் வளர்க்க நினைக்கும்போது உங்கள் தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். தடுப்பூசி போடுங்கள், பெயர் வையுங்கள், கொல்லையிலோ வயலிலோ ஒரு வேலை கொடுங்கள். சோழநாட்டு நாய் பிழைக்க அது போதும்.