ஹீத்ரோப் கல்லூரி (1614 – 2018)

இலண்டன் கென்சிங்டன் சதுக்கத்தில் இயங்கிவந்த ஹீத்ரோப் கல்லூரி 2018ஆம் ஆண்டு மூடப்பட்டது. வயது 404. கத்தோலிக்கச் சேசு சபைத் (ஜெசூயிட்) துறவிகள் தொடங்கி நடத்திய கல்லூரி. தத்துவமும் இறையியலும்தான் பாடம். அவற்றை ஒட்டிய துணைப் பாடங்கள் சில உண்டு. பொறியியல் கிடையாது, வணிகம் கிடையாது, சட்டம் கிடையாது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பு என்றாலும் அந்தப் பல்கலைக்கழகத்தைவிட இரண்டு நூற்றாண்டு மூத்தது. மூடப்பட்டபோது அதன் மாணவர் தொகை ஆயிரத்தைத் தொடவில்லை.

தமிழ்நாட்டில் தத்துவம் படித்தவர்களிலேயே இந்தப் பெயரை அறியாதவர்கள் பலர். ஆனால் அந்தக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரிடம் அவர்களில் பலர் நூல் வழியாகப் பாடம் கேட்டிருக்கிறார்கள். ஃபிரெடெரிக் காப்பிள்ஸ்டன் எழுதிய மேலைத் தத்துவ வரலாறு, ஒன்பது தொகுதி. எங்கள் தலைமுறைக்குக் காப்பிள்ஸ்டன் என்பது ஒரு மனிதரின் பெயராகத் தெரிவதற்கு முன்பே ஒரு புத்தக வரிசையின் பெயராகத் தெரியும். தேர்வு நெருங்கினால் நூலகத்தில் அந்த அலமாரி காலியாகிவிடும். முதல் தொகுதிகளில் கிரேக்கமும் லத்தீனும் மொழிபெயர்ப்பில்லாமல் அப்படியே வரும். குருமடத்து மாணவர்களை மனத்தில் வைத்து எழுதத் தொடங்கிய நூல் அது; அவர்களுக்கு அந்த மொழிகள் தெரியும். தெரியாத நாங்கள் அந்த வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தோம். அப்படிப் படித்தும் பிளேட்டோவும் அக்குவினாஸும் எங்களுக்குப் புரிந்தார்கள். எழுதியவரின் தெளிவு அப்படி.

கல்லூரி பிறந்ததே நாடு கடந்துதான். 1585இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சேசு சபைக் குரு ஒருவர் இங்கிலாந்து மண்ணில் இருந்தாலே அது ராஜத்துரோகம், தண்டனை மரணம். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கத்தோலிக்கர்களுக்குக் கதவடைத்திருந்தன. படிக்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். அப்படித்தான் 1614இல் இன்றைய பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஆங்கிலேயச் சேசு சபையாருக்கென்று ஒரு கல்விக்கூடம் தொடங்கியது. சில ஆண்டுகளில் லியேஜ் நகருக்கு இடம் மாறியது. அங்கே அதை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு ஜான் ஜெரார்டு என்ற குருவுடையது. இலண்டன் கோபுரச் சிறையில் மணிக்கட்டுகளில் விலங்கு பூட்டித் தொங்கவிடப்பட்டவர் அவர். சக குருக்களைக் காட்டிக்கொடுக்காமல், 1597இல் அகழிக்கு மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துத் தப்பினார். சித்திரவதையில் நைந்த கைகளோடு அந்தக் கயிற்றில் இறங்கிய மனிதர்தான் பின்னாளில் இளைஞர்களுக்குத் தத்துவம் கற்பிக்க இடம் தேடி அலைந்தார். படிப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதே காலத்தில் அதே சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி, 1606இல் மதுரைக்கு வந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இங்குள்ளவர்களோடு வாதிட்டு, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றுக்கொண்டிருந்தார்.

1773இல் போப்பாண்டவரே சேசு சபையைக் கலைத்தார். கல்லூரி வேறு பெயரில் பிழைத்தது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் நெருங்கியதும் 1794இல் லியேஜை விட்டுக் கிளம்பி இங்கிலாந்தின் வடக்கே ஸ்டோனிஹர்ஸ்டில் அடைக்கலம் புகுந்தது. பிறகு தத்துவம் ஓரிடத்திலும் இறையியல் வேல்ஸிலுமாகப் பிரிந்து கிடந்தவை 1926இல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் ஹீத்ரோப் என்ற கிராமத்து மாளிகையில் ஒன்றுசேர்ந்தன. பெயர் அங்கிருந்து வந்தது.

அந்தப் பழைய குருமடக் கல்வியில் ஒரு பயிற்சி இருந்தது. மாணவர் ஒருவர் ஒரு கருத்தை ஏற்று அதைக் காக்க முன்வருவார். மற்றவர்கள் தடை எழுப்புவார்கள். எல்லாம் லத்தீனில். தடைக்கு விடை சொல்லத் தொடங்குமுன் அவர் எதிராளியின் வாதத்தை, ஒரு சொல் குறையாமல், தன் வாயால் திரும்பச் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு கூற்றாக எடுப்பார். இதை ஏற்கிறேன், இதை மறுக்கிறேன், இதில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது, பிரித்தால் ஒன்றை ஏற்கிறேன், மற்றதை மறுக்கிறேன். எதிராளி, என் வாதம் அதுவல்ல என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து.

நமக்கு இது புதிதல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் சைவ சித்தாந்தத்தைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு முழுப் பகுதியையே பிறர் மதங்களுக்கு ஒதுக்கினார். கடவுளே இல்லை என்கிற உலகாயதனுக்குத்தான் அங்கே முதல் இடம். அவன் தரப்பை வலுவாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கு வருகிறார். மணிமேகலையும் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி, உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுக் கேட்டுத்தான் காஞ்சிக்குப் போகிறாள். எதிர்த் தரப்பை அறியாமல் தன் தரப்பைப் பேசுவது அரைகுறை என்ற எண்ணம் இரண்டு மரபுக்கும் பொது.

குருமடத்து வாதத்தில் வெற்றி யாருக்கு என்பது முன்பே தீர்மானமானது என்று குறை சொல்வார்கள். உண்மைதான். பரபக்கத்துக்கும் அந்தக் குறை உண்டு. ஆனாலும் எதிராளியின் வாதத்தை ஆயிரம் முறை தன் நாவால் சொல்லிப் பழகியவன் பிறகு அவனை இளக்காரமாக நினைக்க முடியாது. காப்பிள்ஸ்டனின் ஒன்பது தொகுதியையும் படித்தால் இது தெரியும். தான் அடியோடு மறுக்கிற ஹியூமையும் நீட்சேயையும் அவர்களே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்துவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்வார்.

1907இல் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் வீட்டார் எதிர்ப்பை மீறிக் கத்தோலிக்கரானவர் காப்பிள்ஸ்டன். 1930இல் சேசு சபையில் சேர்ந்து, 1939 முதல் ஹீத்ரோப்பில் தத்துவ வரலாறு கற்பித்தார். 1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு கடவுள் உண்டா என்று வாதிட்டார். ரஸ்ஸலின் நாத்திகக் கட்டுரைகள் தமிழ்நாட்டுப் பகுத்தறிவாளர்களுக்கு நன்கு பழக்கம். அவருக்கு எதிரே உட்கார்ந்த பாதிரியாரைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசவில்லை. அந்த வாதம் தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கடவுள் என்ற சொல்லால் நாம் இருவரும் எதைக் குறிக்கிறோம் என்று காப்பிள்ஸ்டன் கேட்கிறார், ஒரு வரையறை சொல்கிறார், ரஸ்ஸல் ஏற்கிறார். அடுத்து, கடவுள் இல்லை என்று நிறுவ முடியும் என்கிறீர்களா, அல்லது அறிய முடியாது என்கிறீர்களா என்று கேட்கிறார். இரண்டாவதுதான் என் நிலை என்கிறார் ரஸ்ஸல். இத்தனையும் முடிந்த பிறகே வாதம் ஆரம்பிக்கிறது. உலகம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை வேண்டும் என்பது ஒருவர் கட்சி. அந்தக் கேள்விக்கே பொருளில்லை என்பது மற்றவர் கட்சி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் பேச்சை மற்றவர் திரித்ததும் இல்லை. ஹீத்ரோப்பின் பயிற்சி நாட்டுக்கே கேட்டது அன்றைக்குத்தான் என்பேன்.

1970இல் கல்லூரி கிராமத்தை விட்டு இலண்டனுக்கு வந்தது, காப்பிள்ஸ்டனே முதல்வர். கிராமத்து மாளிகை ஒரு வங்கியின் பயிற்சி நிலையமாயிற்று. மதச் சோதனை வைக்காமல் மாணவரைச் சேர்ப்பதென்றே 1826இல் இலண்டனில் ஒரு கல்லூரி எழும்பியது. அதிலிருந்து வளர்ந்த இலண்டன் பல்கலைக்கழகம், மதத்துக்காகத் துரத்தப்பட்ட இந்தக் கல்லூரியைத் தன் உறுப்பாக ஏற்றுக்கொண்டது. அதுவரை பெரும்பாலும் துறவிகளே படித்த வகுப்பில் பெண்கள் வந்தார்கள், இல்லறத்தார் வந்தார்கள், பிற மதத்தவர் வந்தார்கள், எந்த மதமும் இல்லாதவர்களும் வந்தார்கள். ஹீத்ரோப் உண்மையில் பெரிய கல்லூரி ஆனது ஏறக்குறைய அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் என்பது என் எண்ணம். ஒரே தரப்பார் மட்டும் கூடியிருந்த அறையில் எதிர்த்தரப்பாக நடித்துப் பழகிய பயிற்சி, எதிர்த்தரப்பாரே எதிரில் வந்து உட்கார்ந்ததும் உயிர் பெற்றது.

அங்கே இளங்கலை மாணவருக்கும் தனித்தனியாக ஆசிரியர் நேரம் ஒதுக்குவார். மாணவர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போக வேண்டும். கடவுள் இருப்பை நிறுவ அக்குவினாஸ் சொன்ன ஐந்து வழிகளில் மூன்றாவது நிற்குமா, துன்பம் நிறைந்த உலகில் நல்ல கடவுள் சாத்தியமா, இந்த மாதிரி. அறையில் இரண்டு பேர், நடுவில் அந்தக் கட்டுரை. இந்த வரியில் என்ன சொல்ல வருகிறாய்? ஹியூம் இதற்கு என்ன சொல்வார்? அவர் சொன்னது இதுதானா, இன்னொரு முறை பார். வகுப்பில் எண்பது பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், இங்கே முடியாது. அடுத்த முறை வரும்போது பையன் யோசித்துக்கொண்டு வருவான். இப்படித்தான் ஒருவர் தத்துவம் கற்றுக்கொள்ள முடியும். நூல்களைப் படித்தால் தத்துவத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே.

இந்த முறைக்குச் செலவு அதிகம். ஓர் ஆசிரியரின் நாள் முழுதும் ஐந்தாறு மாணவரோடு போய்விடும். இங்கிலாந்தில் 1998க்கு முன் சில பத்தாண்டுகளாக, உள்நாட்டு முழுநேர இளங்கலை மாணவர் கையிலிருந்து கல்விக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் வந்தது, 2006இல் 3,000 வரை, 2012இல் 9,000 வரை. தத்துவம் போன்ற கலைத் துறைகளுக்கு அரசு கொடுத்துவந்த கற்பித்தல் மானியமும் அதே 2012இல் ஏறக்குறைய நின்றது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை, இந்தப் பட்டம் எந்த வேலைக்கு என்று கேட்கத்தான் செய்யும். 2015இல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இத்தனை மாணவரைத்தான் சேர்க்கலாம் என்ற வரம்பும் நீங்கியது. பெரியவை விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளலாம் என்றானது. மூன்று திசையிலும் அடி விழுந்தது சின்னக் கல்லூரிக்கு. பாடம் நடத்தத்தக்க சேசு சபைத் துறவிகளும் பிரிட்டனில் குறைந்துகொண்டே வந்தார்கள். வேறு நிறுவனத்தோடு இணைக்கும் முயற்சி கைகூடவில்லை. 2015 ஜூனில் ஆட்சிக்குழு முடிவை அறிவித்தது. இருந்த மாணவர்கள் படித்து முடிக்கும்வரை கல்லூரி நடந்தது.

தூக்குமேடைக்கும் போப்பாண்டவர் ஆணைக்கும் புரட்சிப் படைக்கும் தப்பிய கல்லூரி வரவு செலவில் விழுந்தது. இதில் அரசின் குற்றம் பெரிது. கற்பித்தலின் மதிப்பை மாணவர் தலை எண்ணிக்கையால் அளந்த எந்த ஏற்பாட்டிலும் இப்படி ஒரு கல்லூரி பிழைத்திருக்க முடியாது. சபையும் இன்னும் போராடியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். நான்கு நூற்றாண்டு காத்ததைக் கைவிட மூன்று ஆண்டு அவகாசம் போதாது.

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் மதக் கல்வி இன்றும் சட்டப்படி நடத்தப்பட வேண்டிய பாடம். இலண்டனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்து இந்து சமயத்தையும் இஸ்லாத்தையும் கிறிஸ்தவத்தையும் படிக்கிறார்கள். மேல்வகுப்பில் காப்பிள்ஸ்டன் ரஸ்ஸல் வாதமே பாடமாக வருவதுண்டு. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் சிலர் ஹீத்ரோப்பில் படித்தவர்கள். இனி அங்கிருந்து ஒருவரும் வரப்போவதில்லை. மதம் பற்றிய பேச்சு மட்டும் உலகத்தில் குறையவில்லை. வீட்டில், தெருவில், தேர்தலில், கைபேசியில் அதுதான். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நூலை விரித்துவைத்து, மற்றவர் சொன்னதை முதலில் ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேசுவதற்கென்று சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைத்திருந்த ஓர் இடம் போய்விட்டது.

1960இல் தொடங்கிய ஹீத்ரோப் ஜர்னல் என்ற ஆய்விதழ் கல்லூரி போன பிறகும் வருகிறது. கல்லூரியின் நூல்களில் பல இலண்டனில் இருக்கின்றன. காப்பிள்ஸ்டனின் ஒன்பது தொகுதியும் அச்சில் கிடைக்கின்றன. ரஸ்ஸலோடு அவர் வாதிட்ட ஒலிப்பதிவை இணையத்தில் கேட்கலாம்.

நம் ஊரிலும் சில கல்லூரிகளில் தத்துவத் துறை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஜூன் மாதம் வந்தால் அங்கே ஆசிரியர்கள் விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ தத்துவம் படிக்கிறேன் என்று சொன்னால், அதைப் படித்து என்ன வேலை என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். ஏன் படிக்க ஆசைப்படுகிறாய் என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.