பார்மாவின் பன்றித்தொடை: அருங்காட்சியகம் காப்பதும் சட்டம் காப்பதும்

வட இத்தாலியின் பார்மா நகருக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் லாங்கிரானோ. அங்கே, முன்னாளில் கால்நடைச் சந்தையாக இருந்த கட்டடத்தில், 2004 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. அது பேசும் பொருள், உப்பிட்டுப் பல மாதங்கள் காற்றில் முதிரவிட்ட பன்றித்தொடை; ‘புரோஷுட்டோ தி பார்மா’ என்று உலகச் சந்தை அறிந்த இறைச்சி.

இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் உரோமானியரான கேட்டோவிடமிருந்து தொடங்குவர். பன்றித்தொடைக்கு உப்பிடும் முறையை அவர் தம் வேளாண் நூலில் விளக்கியிருக்கிறார். 2,000 ஆண்டுகள் அறுபடாத மரபு என்னும் எண்ணம் இவ்வாறு உருவாகிறது. அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருள்களோ வேறொன்றையும் கூறுகின்றன.

முதலில் விலங்கு. பார்மா வட்டாரத்தின் பழைய இனம் கரும்பன்றி. மெல்ல வளர்வதும் கொழுப்பு மிகுந்ததுமான அவ்வினத்தை 20ஆம் நூற்றாண்டின் பெரும்பண்ணைகள் கைவிட்டன. இன்று இவ்விறைச்சிக்கு அடிப்படையானவை லார்ஜ் ஒயிட், லாண்ட்ரேஸ், டியூராக் இனங்கள். இவற்றுள் முதலாவது இங்கிலாந்தில் தோன்றியது. கடைசியானது அமெரிக்காவில் உருவானது. பன்றிகளும் பார்மாவில் மட்டும் வளர்பவையல்ல. வட, நடு இத்தாலியின் பல மாநிலங்களிலிருந்து வருபவை.

அடுத்தது உப்பு. ஒருகாலத்தில் அருகிலுள்ள சால்சோமாஜோரேயின் உவர்நீர்க் கிணறுகளிலிருந்து நீரெடுத்துக் காய்ச்சி உப்பு எடுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவ்வூர் மருத்துவ நீராடலுக்குப் புகழ்பெற்ற இடமாக மாறியது. இன்று பயன்படுவது கடலுப்பு.

இனமும் உப்பும் மாறிய பின் எஞ்சுவது எது? இடமும் செய்முறையும். 1963இல் 23 உற்பத்தியாளர்கள் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். 1970இல் இத்தாலியச் சட்டமும் 1996இல் ஐரோப்பிய ஒன்றியமும் இப்பெயருக்குப் பாதுகாப்பளித்தன. எமிலியா சாலைக்குத் தெற்கே குறைந்தது 5 கி.மீ. தள்கி, 900 மீட்டர் உயரத்திற்கு மேற்படாமல், கிழக்கே என்சா, மேற்கே ஸ்திரோனே ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் பதப்படுத்தியதே ‘பார்மா’ எனப்படும். குதிரை எலும்பாலான ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து மணத்தைச் சோதித்த பின்னரே ஐம்முனை மகுட முத்திரை சுடப்படுகிறது.

ஆகவே, இம்மரபு பொய்யன்று, தேர்ந்தெடுக்கப்பட்டது. மாறாதிருக்க வேண்டியவற்றை 20ஆம் நூற்றாண்டின் உற்பத்தியாளர்களும் சட்டமும் வரையறுத்தனர். அவ்வரையறைக்கு வெளியே நின்ற கரும்பன்றியும் கிணற்றுப்புமே அருங்காட்சியகத்திற்குள் இடம்பெற்றன. எல்லைக்கோட்டிற்கு அப்பால் இதே முறையில் தொடையைப் பதப்படுத்துபவர் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது என்பது இத்தேர்வின் மறுபக்கம்.

‘புரோஷுட்டோ தி பார்மா’ இந்தியப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் இடம்பெற்றுள்ளது. நம் உணவுகளும் கைவினைகளும் அதே பதிவேட்டில் ஏறும் காலம் இது. ஒவ்வொரு விண்ணப்பத்திடமும் ஆய்வாளர் எழுப்ப வேண்டிய வினா, மரபு எவ்வளவு பழமையானது என்பது மட்டுமன்று. அதன் எல்லையை வரைந்தவர் யார், அக்கோட்டிற்கு வெளியே விடப்பட்டவர் யார் என்பதும் ஆகும்.