குறுஞ்செய்தி என்னும் தூது

தூதுவனுக்குரிய பண்புகளுள், சொல்லக் கருதியதைச் சுருங்கத் தொகுத்துச் சொல்லுதலையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய குறுஞ்செய்திக்கும் இப்பண்பே உயிர்நிலையாக அமைந்தது.

கைப்பேசி அழைப்புகளை இணைப்பதற்கென ஒரு சிறு குறிப்பலைத் தடம் உண்டு. அதன் ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தி எழுத்துச் செய்தியை அனுப்பலாம் என ஐரோப்பியப் பொறியாளர் கருதினர். தடம் சிறியதாதலின் செய்தியும் சிறியதாதல் வேண்டும். ஜெர்மானியரான ஃபிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் 1985ஆம் ஆண்டில் பல வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்துகள் போதும் என்னும் முடிவுக்கு வந்தார் என்பர்.

கணினியே முதல் தூது விட்டது

1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர் கிறிஸ்துமஸ் வாழ்த்தொன்றை அனுப்பினார். அதுவே முதல் குறுஞ்செய்தி. அது புறப்பட்டது கைப்பேசியிலிருந்து அன்று, கணினியிலிருந்தே ஆகும். பெற்றவரின் கருவியில் மறுமொழி எழுத வழியில்லை. ஆகவே கணினி எழுதக் கைப்பேசி படித்ததே இக்கலையின் தொடக்கம் என்க.

பின்னர் இணையம் பரவியது. எனினும் அது எட்டாத ஊர்கள் பல இருந்தன. அவ்வூர்களிலும் எளிய கைப்பேசிகள் வழங்கின. இவ்விடைவெளியை நிரப்ப முனைந்தவர் கென் பேங்க்ஸ் என்னும் பிரித்தானியர். தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் மக்களுக்குச் செய்தி சேர்க்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தபோது அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று. 2005ஆம் ஆண்டில் ‘ஃபிரண்ட்லைன் எஸ்.எம்.எஸ்.’ என்னும் மென்பொருளை அவர் வெளியிட்டார். ஒரு கணினி, ஒரு கைப்பேசி, இரண்டையும் இணைக்கும் கம்பி ஆகியவையே அதற்குத் தேவைப்பட்டன. இணைய இணைப்பு வேண்டியிருக்கவில்லை. கணினியில் எழுதியதை ஒரே முறையில் பலருக்கும் அனுப்ப முடிந்தது. அவர்தம் மறுமொழிகளையும் தொகுத்து வைக்க முடிந்தது.

மலாவியில் விளைந்த பயன்

இதன் பயனை மலாவி நாட்டில் தெளிவாகக் காணலாம். நமித்தெத்தே என்னும் ஊரிலுள்ள புனித கேப்ரியல் மருத்துவமனை, ஏறத்தாழ 250,000 மக்களுக்குரிய ஒன்றாகும். சிற்றூர்த் தொண்டர்கள் நோயாளர் நிலையைத் தெரிவிக்கப் பல கல் நடந்து வரவேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டில் அவர்களுள் 75 பேருக்குக் கைப்பேசி வழங்கப்பெற்றது. மருத்துவமனையில் ஒரே கணினி அச்செய்திகளைப் பெற்றது. ஆறு திங்களில் ஏறத்தாழ 3,000 அமெரிக்க வெள்ளி எரிபொருட் செலவு மிஞ்சியது. காசநோய்த் திட்டம் 100 நோயாளரிலிருந்து 200 நோயாளரைக் கவனிக்கும் அளவுக்கு வளர்ந்தது. நடையில் கழிந்த பொழுது நோயாளர்க்குரிய பொழுதாயிற்று.

2007ஆம் ஆண்டு நைஜீரியத் தேர்தலில், வாக்குச் சாவடி நிலையைக் குடிமக்கள் இதன் வழியே தெரிவித்தனர்; 10,000க்கும் மேற்பட்ட செய்திகள் வந்தன. ஈராக்கில் ‘அஸ்வாத் அல் ஈராக்’ என்னும் செய்தி நிறுவனம் தன் செய்திகளைப் பிற நாட்டினர்க்கும் இதனைக் கொண்டே அனுப்பியது.

தமிழுக்கு நேர்ந்த இடர்

குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 பிட்டு போதுமாதலின் 160 எழுத்துகள் அதில் அடங்கும். ஒருங்குறித் தமிழிலோ ஒவ்வொரு குறியும் 16 பிட்டு பெறுவதால் 70 குறிகளே அடங்கும். அன்றியும், உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்றே, குறிகளோ ஐந்து! தமிழில் சற்றே நீண்ட செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். கட்டணமும் அவ்வாறே பெருகும். இவ்விடரினிடையேயும், மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழ் எழுத வழி திறந்தது.

இன்று திறன்பேசிகள் பெருகிவிட்டன. படமும் ஒலியும் நொடியில் பறக்கின்றன. ஆயினும் புதியதொன்று வருந்தோறும் கேட்கவேண்டிய வினா மாறவில்லை: அது எத்துணை விரைவாகச் செல்கிறது என்பதன்று; கடைக்கோடியில் உள்ளவனுக்கு, அவன் கையிலுள்ள கருவியில், அவன் மொழியில் சென்று சேர்கிறதா என்பதே.