முள்ளந்தண்டு நிரல்

முள்ளந்தண்டு நிரல் அல்லது முதுகெலும்பு என்பது, மண்டையோட்டின் அடியில் தொடங்கி உடலின் பின்முனை வரை நீளும் எலும்புத் தொடர் ஆகும். முள்ளெலும்புகள் எனப்படும் சிறு எலும்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்து இது உருவாகிறது. உடலைத் தாங்குவதுடன், உள்ளே செல்லும் தண்டுவடத்தையும் இது பாதுகாக்கிறது.

மனிதரில்

மனிதரில் பொதுவாக 33 முள்ளெலும்புகள் உள்ளன: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வால் பகுதியில் 4. வளர்ந்தோரில் கடைசி இரு பகுதிகளும் தனித்தனியே ஒன்றிணைந்து இரண்டு எலும்புகளாகிவிடுவதால் எண்ணிக்கை 26 ஆகிறது. நிமிர்ந்த உடலில் கீழே செல்லச் செல்லச் சுமை கூடுகிறது. ஆகையால் தனித்து நிற்கும் முள்ளெலும்புகளில் இடுப்புப் பகுதியினவே பெரியவை. தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் மருத்துவர் அதற்குக் கீழே குத்துவது இதனாலேயே.

பிற பாலூட்டிகளில்

ஒட்டகச்சிவிங்கிக்கும் எலிக்கும் மனிதருக்கும் கழுத்தெலும்புகள் ஏழுதான், நீளமே வேறுபடுகிறது. கடற்பசுவும் அசமந்தங்களும் மட்டுமே இதற்கு விலக்கு. மாட்டில் மார்பு முள்ளெலும்புகள் 13, இடுப்பு முள்ளெலும்புகள் 6. நான்கு கால்களுக்கு மேல் பாலம்போல் கிடக்கும் இத்தொடரில், மார்புப் பகுதியின் முன்புற எலும்புகளிலிருந்து நீண்ட முட்கள் மேல்நோக்கி எழுகின்றன. அங்கிருந்து தலைக்குச் செல்லும் வலிய இணைநாண், தாழ்ந்து மேயும் கனத்த தலையைத் தாங்க உதவுகிறது.

திமிலும் முள்ளெலும்பும்

டி. கல்லுப்பட்டி முதல் அலங்காநல்லூர் வரை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஏருக்கும் வண்டிக்கும் பழக்கப்பட்ட நாட்டு மாடுகள் திமிலுடையவை. ஏறுதழுவலுக்குப் பெயர்பெற்ற புலிக்குளம் இனமும் அவ்வாறே. திமிலைப் பலர் எலும்பின் புடைப்பு எனக் கருதுவதுண்டு. உண்மையில் அது தசையும் கொழுப்பும் சேர்ந்தது. எலும்பு அதனுள் இல்லை. நுகத்தடி பின்னோக்கி வழுகாமல் தடுப்பது இத்திமிலே.

மாடு இறந்தபின் திமில் அழிந்துவிடும். ஆயினும் திமிலுடைய மாடுகளின் சில மார்பு முள்ளெலும்புகளில் முள்ளின் நுனி இரண்டாகப் பிளந்திருப்பதுண்டு; ஐரோப்பிய மாடுகளில் அது பொதுவாக ஒற்றையாகவே முடியும். அகழாய்வில் கிடைக்கும் மாட்டெலும்பு எவ்வகையினது என அறிய, தொல்விலங்கியலாளர் நோக்கும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் மாட்டினுடையவையும் உள்ளன என 2019 இல் வெளியான தமிழக அரசுத் தொல்லியல் துறை அறிக்கை தெரிவிக்கிறது.