இசைத்தட்டிலிருந்து சீவாளிக்கு: தென்காசிச் சீமையில் நாகசுரச் செவிவழிக் கல்வி

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் நையாண்டி மேளத்துக்குத் தனி இடம் உண்டு. நாகசுரம், தவில், பம்பை, உருமி, தாளம் சேர்ந்த அந்த மேளம் சாமியாட்டத்துக்குரிய கொட்டை முடித்துக் கரகாட்டத்துக்கு மாறியதும் கூட்டம் திரைப்பாட்டு கேட்கும். அந்தப் பாட்டுகள் குருவிடம் பாடம் கேட்டவை அல்ல; ஒலிப்பதிவைக் கேட்டு எடுத்தவை. இந்தக் கேள்வி ஞானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய முறையில் மாணவன் முதலில் குழலைத் தொடமாட்டான். வரிசைகளை வாயால் பாடுவான், தாளம் போடுவான், மேளத்தின் பின்னால் நின்று சுருதிக்கு ஒத்து ஊதுவான். பல ஆண்டுகள் இப்படிக் காது பழகிய பிறகே வாசிப்பு. இந்த நிலையில்தான் இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது. 1908இல் அதே நகரில் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது. ஆனால் நாகசுர உலகை உலுக்கியது திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடித் தட்டுதான். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக ஆலாபனை செய்தவர், ஒரு பக்கத்துக்குச் சில நிமிடமே கொள்ளும் தட்டுக்குள் அந்த ராகத்தைச் சுருக்கித் தந்தார். அவர் வாசிப்பை நேரில் கேட்காதவர்களுக்கும் அந்தத் தட்டு தோடியின் வடிவத்தைக் காட்டியது. ராகத்தின் விரிவை அதனால் காட்ட முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெல்லைச் சீமைக்குத் திருப்புமுனை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). அவர் ராஜரத்தினம் பிள்ளையின் அருகில் அமர்ந்து, கூட வாசித்துக் கற்றவர். அவருக்குப் பின் வந்த பலருக்கோ அவரது பதிவே ஆசான். 1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரி ராகப் பாட்டு கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் நாகசுரக்காரர்களிடம் தவறாமல் கேட்கப்படும் உருப்படியானது. கேட்டுக் கற்பவருக்கு அந்தப் பதிவில் அரிய வசதி ஒன்று இருந்தது. பாடகி ஸ்வரங்களைப் பெயர் சொல்லிப் பாட, நாகசுரம் கூடவே போகிறது. ஸ்வரம் எது, அது குழலில் எப்படி ஒலிக்கிறது என்ற இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. குருகுலத்தின் வாய்ப்பாட்டுப் பாடம் தட்டுக்குள் குடியேறியதாகவே இதை நான் காண்கிறேன்.

ஆனாலும் தட்டு மறைத்தது அதிகம். நாகசுரத்தில் விரல் துளைகள் ஏழுதான். ஒரே துளையில் வேறு வேறு ஸ்வரங்களை வரவழைப்பது மூச்சின் அழுத்தமும், ஊதும் நாணலான சீவாளியில் உதட்டின் பிடியும்தான். நாக்கால் தட்டும் துத்துக்காரம் எங்கே விழுகிறது, துளை பாதி மூடியிருக்கிறதா, மூச்சு தளர்கிறதா என்பதைக் காது ஊகிக்கத்தான் முடியும். சுருதியும் இடித்தது. பதிவு ஒரு கட்டையில் இருக்கும், கையிலுள்ள குழல் வேறு கட்டையில் இருக்கும். ஆகவே பாட்டை முதலில் வாயால் முணுமுணுத்து, ஸ்வரமாக்கி, பிறகு தன் குழலின் சுருதிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பழைய பாடமுறையில் வளர்ந்தவருக்கே இது எளிதாயிற்று.

கிராமபோன் வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். எளிய மேளக்காரருக்குத் தட்டைக் கேட்க வாய்த்தது, பெரும்பாலும் விசேஷ வீட்டில் ரேடியோ செட்காரர் குழாய் ஒலிபெருக்கியில் போட்டபோதுதான். 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய பின் நாகசுரம் அன்றாடம் காதில் விழுந்தது. ஆனால் திரும்பக் கேட்க வழியில்லை. அந்த வழியை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது கேசட். கடினமான சங்கதியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கலாம். பேட்டரி தளர்ந்தால் வேகத்தோடு சுருதியும் இறங்கிவிடும். வேகம் சரிபாதியானால் ஒரு ஸ்தாயியே கீழே போகும்.

இன்றைய கைபேசிச் செயலிகள் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கின்றன; காணொளியில் விரலும் தெரிகிறது. நாக்கும் மூச்சும் மட்டும் இன்னும் தெரிவதில்லை. அதற்காகவே, பாட்டைக் கைபேசியில் எடுக்கும் இளைஞரும் கொடைக் காலத்தில் மூத்தவர் பக்கத்தில் இரண்டாம் நாகசுரமாக நின்று வாசிக்க வேண்டியிருக்கிறது.