லண்டன் மாநகரின் வியாழக்கிழமைத் தாள்

மாநகராட்சியிலிருந்து வரும் சுகாதாரச் செய்திகளை நம் சங்கம் தவறாமல் உங்களுக்கு அனுப்பி வைக்கிறது. கொசு மருந்து அடிக்கும் நாள், காய்ச்சல் முகாம் நடக்கும் இடம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலோர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட ஒரு செய்தித் தாளைக் காசு கொடுத்து வாங்கி, வாராவாரம் காத்திருந்து படித்த ஊர் ஒன்று உண்டு. அது லண்டன். அந்தத் தாளின் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1603-ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து லண்டனில் வாரம்தோறும் ‘மரணப் பட்டியல்’ தொடர்ந்து வெளிவந்தது. அன்று அந்த நகரம் தேவாலயங்களைச் சுற்றிப் ‘பங்கு’களாகப் பிரிந்திருந்தது. நமக்கு வார்டு போல. பங்கில் யாராவது இறந்தால் தேவாலய மணி அடிக்கும். உடனே, இதற்கென்று சத்தியப் பிரமாணம் செய்துவைத்த வயதான பெண்கள் அந்த வீட்டுக்குப் போய், உடலைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, என்ன நோயால் இறந்தார் என்று பங்கு எழுத்தரிடம் சொல்வார்கள். எழுத்தர்கள் செவ்வாய் மாலை தங்கள் கணக்கைத் தலைமை இடத்தில் ஒப்படைப்பார்கள். புதன்கிழமை கூட்டிச் சரிபார்த்து அச்சிடுவார்கள். வியாழக்கிழமை தாள் சந்தாதாரர் கைக்கு வரும். ஆண்டுச் சந்தா 4 ஷில்லிங்.

யார் வாங்கினார்கள்? பிளேக் எண்ணிக்கை ஏறினால் ஊரைவிட்டுக் கிளம்பலாமா என்று யோசிக்கப் பணக்காரர்கள் வாங்கினார்கள். வரும் மாதங்களில் வியாபாரம் எப்படி இருக்கும் என்று கணிக்க வணிகர்கள் வாங்கினார்கள்.

அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்து கணக்குப் போட்டவர் ஜான் கிரான்ட். அவர் மருத்துவரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. நாடா, பொத்தான் போன்ற துணிச் சாமான் விற்ற வியாபாரி. 1662-இல் அவர் எழுதிய சிறு நூல்தான் மக்கள்தொகைக் கணக்கியலுக்கு ஆரம்பம் என்று இன்றும் சொல்கிறார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன என்பதை எண்ணிக்கையோடு காட்டியவர் அவர்.

வங்கியில் வேலை பார்த்த எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் வேறு. நாள் முடிவில் கணக்கு இடிக்கிறது என்றால், எந்தப் பேரேட்டில் தவறு என்று தேடுவோம் அல்லவா? கிரான்டும் அதையே செய்தார். பிளேக் வந்த 1625-ஆம் ஆண்டில், பிளேக் அல்லாத மற்ற நோய்களால் இறந்தவர்கள் எண்ணிக்கையும் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது. ஒரே ஆண்டில் எல்லா நோயும் ஏன் பெருக வேண்டும்? பிளேக் சாவுகள் வேறு தலைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடித்தார். பட்டியலில் இருப்பதைப்போல் இன்னும் கால் பங்கு பிளேக் சாவுகள் மறைந்திருக்கின்றன என்பது அவர் முடிவு.

ஏன் மறைத்தார்கள்? பிளேக் என்று எழுதினால் அந்த வீட்டைப் பூட்டிவிடுவார்கள். நோயாளியோடு, நோயில்லாத மனைவி, மக்கள், வேலைக்காரர் எல்லோரும் 40 நாள் உள்ளே. கதவில் ஓர் அடி நீளச் சிவப்புச் சிலுவை. வாசலில் இரவும் பகலும் காவலாள். இதற்குப் பயந்த குடும்பங்கள் உண்மையைச் சொல்லவில்லை. உடலைப் பார்க்க வந்த பெண்களுக்குக் கைக்கூலி கொடுப்பதும் நடந்தது. அவமானமான நோயால் இறந்தவரை, ஒரு பங்குக் கூலிக்குப் பதில் இரு பங்கும் ஒரு கோப்பை பீரும் வாங்கிக்கொண்டு ‘எலும்புருக்கி’ என்று சொல்லிவிடுவார்கள் என்று கிரான்டே எழுதியிருக்கிறார்.

1665-இல் பெரும் பிளேக் வந்தது. அந்த ஆண்டுப் பட்டியலில் பிளேக் சாவுகள் 68,596. செப்டம்பரில் ஒரே வாரத்தில் 7,165. கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் இந்தத் தாளைப் படித்து நாட்குறிப்பில் குறித்து வைத்தவர். ஆகஸ்டு கடைசியில் பட்டியல் 6,102 பிளேக் சாவுகள் என்றபோது, உண்மை 10,000-ஐ நெருங்கும் என்று அவர் அஞ்சினார். ஏழைகளின் சாவை யாரும் கவனிக்கவில்லை என்பதும், சிலர் தங்களுக்காக மணி அடிக்கவே விடவில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்கள். ஊரே நம்பிய தாள், ஊர் மறைத்த அளவுக்குப் பொய்யாக இருந்தது.

இதே லண்டனில் இன்னொரு காட்சியும் உண்டு. 1837 முதல் இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்யத் தனி அரசு அலுவலகம் வந்தது. அதில் இறந்தவரின் முகவரியும் இருக்கும். 1854-இல் பிராட் தெருவில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்நோ அந்தப் பதிவேட்டிலிருந்து 83 சாவுகளின் விவரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பெரும்பாலோர் ஒரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தக் குழாயின் கைப்பிடியை உள்ளூர் நிர்வாகம் கழற்றியது. பிறகு ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார் அதே பதிவேட்டைப் புரட்டி, கிணற்றை ஒட்டிய 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த 5 மாதக் குழந்தையின் பதிவைக் கண்டார். அதன் துணிகளை அலசிய தண்ணீர் போய்ச் சேர்ந்த கழிவுத் தொட்டி, குடிநீர்க் கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. மறைக்காமல் பதிந்த அந்த ஒரு வரிதான் காலரா எங்கே தொடங்கியது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1897-இல் புனாவில் பிளேக் பரவியபோது சிப்பாய்கள் வீடு புகுந்து, சமையலறை, பூஜையறை என்று பாராமல் தேடி, நோயாளிகளை இழுத்துப் போனார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். கோபம் முற்றி, ஜூன் 22 அன்று பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். 1665-இல் லண்டன் கற்ற பாடத்தை 1897-இல் புனாவில் ஆண்டவர்கள் நினைவில் வைக்கவில்லை.

சென்னை மாகாணம் 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம். இன்றும் தமிழ்நாட்டில் அது நடப்பில் இருக்கிறது. தொற்றுநோய் இருப்பதைத் தெரிவிக்கும் கடமையை அது மருத்துவரோடு நிறுத்தவில்லை. விடுதி நடத்துபவர், குடும்பத் தலைவர் மீதும் வைத்தது. ஆனால் சொன்னவரை ஒதுக்கினால் அடுத்தவர் சொல்ல மாட்டார். கொரோனா காலத்தில் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியது நினைவிருக்கும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றி நோயாளி வீட்டில் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்றது.

இப்போது நம் குடியிருப்பு. போன மழைக்காலத்தில் டெங்கு வந்த வீடுகளில் சில, குணமான பிறகுதான் விஷயத்தை வெளியே சொன்னன. வேலைக்கு வரும் அம்மா நின்றுவிடுவார், லிஃப்டில் ஒதுங்குவார்கள், குழுவில் ‘எந்த வீடு, எந்த வீடு’ என்று கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டெங்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொட்டுப் பரவுவதில்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுதான் பரப்புகிறது. அது தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும்; பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால், அந்த பிளாக்கின் தொட்டியையும் பூந்தொட்டித் தட்டையும் ஃப்ரிட்ஜின் பின்தட்டையும் அன்றே பார்க்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத் தெரிந்து பயனில்லை.

சங்கத்துக்கும் உங்களுக்கும் என் யோசனை இதுதான். டெங்கு என்று பரிசோதனையில் தெரிந்தால் செயலாளர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். குழுவில் பிளாக் பெயர் மட்டும் வரட்டும். வீட்டு எண் வேண்டாம். அடுத்த நாளுக்குள் அந்த பிளாக்கின் மாடித் தொட்டியும் சம்ப்பும் சோதிக்கப்படட்டும். ‘எந்த வீடு’ என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்பதற்குப் பதில், அந்த பிளாக்கில் இருப்பவர்கள் தங்கள் பால்கனியை ஒருமுறை பார்த்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதை நாம் பேசி முடித்துக்கொள்வது நல்லது.