பள்ளிகள் மறைந்த பாதையில்: காஞ்சியிலிருந்து கரந்தை வரை

மேனாட்டுத் திருச்சபை வரலாற்றைக் கற்போர் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியை அறியாதிருத்தல் அரிது. அங்கே கி.பி. 910இல் குளூனித் துறவுமடம் நிறுவப்பெற்றது. அம்மடத்தின் மூன்றாம் ஆலயம் ஏறத்தாழ 187 மீட்டர் நீளமுடையது. உரோமையில் பேதுரு பேராலயம் புதிதாகக் கட்டப்பெறும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக அது விளங்கிற்று. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் அது விற்கப்பட்டது. வாங்கியோர் அதனைக் கற்சுரங்கமாகக் கருதிப் பெயர்த்தெடுத்தனர். இன்று எஞ்சி நிற்பது பத்தில் ஒரு பங்கே. ஆயினும் குளூனியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பாதைகளில் நடந்து செல்வோர், 11, 12ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த சிறிய ஊராலயங்கள் பல இன்றும் நிலைத்திருக்கக் காண்கின்றனர். பெருமடம் வீழ்ந்தது, ஊர்மக்கள் தம் திருமுழுக்கிற்கும் திருமணத்திற்கும் அடக்கத்திற்கும் நாடிய சிற்றாலயம் நின்றது. இஃது எதனால் என்னும் வினா வழிநடப்போர் உள்ளத்தில் எழுதல் இயல்பு.

அவ்வினாவை எழுப்ப நாம் பிரான்சு வரை செல்ல வேண்டுவதில்லை. காஞ்சிபுரத்தில் புறப்பட்டு, வேகவதியைக் கடந்து திருப்பருத்திக்குன்றத்தை அடைந்து, பின்னர்ப் பாலாற்றையும் கடந்து தெற்கே கரந்தை, திருப்பணமூர் என்னும் இரட்டையூர்களை அடையும் வழி ஒன்றுண்டு. முயன்றால் ஒரு நாள் நடையில் முடியும் தொலைவே அது. இப்பாதையில் நமக்குக் கிட்டும் பாடம் இறையியல் கற்போர்க்கும் சபைகளை மேய்ப்போர்க்கும் பெரிதும் உரியது.

யுவான் சுவாங் கண்ட காஞ்சி

கி.பி. 640ஐ ஒட்டி, முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலத்தில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். அவர் நாலந்தாவில் சீலபத்திரரிடம் பயின்றவர். அச்சீலபத்திரரின் ஆசிரியரான தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர். அமைச்சர் ஒருவரின் மகன். ஆகவே அச்சீனத்துறவி தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரையே காணவந்தார் எனலாம். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இந்நாட்டில் இருந்தமையையும், எண்பது அளவிலான தேவாலயங்களும் நிர்க்கிரந்தராகிய சமணர் பலரும் இருந்தமையையும் அவர் குறித்துள்ளார். மணிமேகலைக் காப்பியமும் தன் தலைவியை இறுதியில் இந்நகருக்கே கொணர்ந்து, அறவண அடிகளிடம் அறங்கேட்கச் செய்கின்றது.

அந்நூறு மடங்கள் எங்கே? இன்று காஞ்சித் தெருக்களில் நடப்போர் அவற்றுள் ஒன்றையேனும் மடமாகக் காணார். 1915இல் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் காமாட்சியம்மன் கோயிலிலும் அதனையடுத்தும் புத்தர் உருவங்களைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அவற்றுள் ஒன்று சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. உருவங்கள் கிடைத்தன; வழிபடுவோர் கிடைத்திலர்.

பௌத்தம் பல்லவர் காலத்திலேயே ஒருங்கே மறைந்துவிட்டது என எண்ணுவது தவறு. 1365இல் சாவகத்தில் இயற்றப்பெற்ற நாகரகிருதாகமம் என்னும் நூல், காஞ்சியின் ஆறு விகாரங்களில் வாழ்ந்த புத்தாதித்தர் என்னும் பிக்கு சாவக மன்னனைப் போற்றிப் பாடியதாகக் குறிப்பிடுகின்றது. ஆக, 14ஆம் நூற்றாண்டிலும் காஞ்சியில் விகாரங்கள் இருந்தன. அவற்றின் புகழ் கடல் கடந்தும் பரவியிருந்தது. ஆயினும் இன்று இப்பகுதியில் அவ்வழி தொடர்ந்து வந்த ஒரு பௌத்தக் குடும்பமும் இல்லை.

பருத்திக்குன்று

நகரின் தென்மேற்கே, வேகவதிக்கு அப்பால் உள்ளது திருப்பருத்திக்குன்றம். இதனைச் சினகாஞ்சி என்றும் வழங்குவர். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட பல்லவன் சிம்மவர்மன், பருத்திக்குன்றின் வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான் எனப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகின்றது. பள்ளி என்னும் சொல் அந்நாளில் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அத்துறவியர் அங்கிருந்து கற்பித்தமையால், கல்விக்கூடத்திற்கும் அப்பெயரே வந்து வாய்த்தது.

இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387–88இல் எழுப்பியவர் விசயநகரப் பேரரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர். அவர் புட்பசேன முனிவரின் மாணாக்கர். அவர்தம் உருவம் தூண் ஒன்றிற் செதுக்கப்பட்டுள்ளது. மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக விரிகின்றன. கோயில் முற்றத்தில் குராமரம் நிற்கின்றது. அதனருகே முனிவர்களின் நினைவிடங்கள் உள்ளன. இக்கோயிலைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் 1934இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் துணைநூலாகப் பயன்படுகின்றது.

இங்கே ஒரு செய்தி நம் கருத்தை ஈர்த்தல் வேண்டும். புத்தாதித்தரும் இருகப்பரும் ஒரே நூற்றாண்டினர். அந்நாளில் காஞ்சியின் விகாரமும் பருத்திக்குன்றின் பள்ளியும் அடுத்தடுத்து உயிரோடிருந்தன. பின்னர் முன்னது அடியோடு மறைந்தது. பின்னதன் மடமும் இவ்விடத்தில் நிலைக்கவில்லை. அது செஞ்சிக்கருகே மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்தது. ஆனால் சினகாஞ்சி மடம் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. மடத்தை ஏற்றுப் பேண மக்கள் இருந்தமையால் அன்றோ அது பெயர்ந்தும் வாழ்ந்தது?

பாலாற்றுக்குத் தெற்கே

ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சிதரும் பாலாற்றைக் கடந்து, ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த நாட்டுப்புறத்தை அடைகின்றோம். கரந்தையில் குந்துநாதர் கோயிலும் திருப்பணமூரில் புட்பதந்தர் கோயிலும் உள்ளன. 8ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் அகளங்கர் பௌத்தரோடு வாதிட்டு வென்றதையும், இவ்வூர்ப்புறத்திலேயே வீடுபேறு எய்தியதையும் சமணர் மரபு நினைவுகூர்கின்றது.

அவ்வாதத்தைவிட வியப்பிற்குரியது இங்கு வாழும் மக்களே. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்தும் பரவியுள்ள தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர் குடியினர். நயினார் என்னும் பட்டம் உடையோர். தமிழே அவர்தம் வீட்டுமொழி. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை முதலிய நோன்புகளை அவர்தம் குடும்பங்கள் பாட்டன் பாட்டி வழியாகப் பெற்றன. இல்லறத்தார்க்குரிய நோன்புகளைக் குறட்பாவினும் எளிய தமிழில் எடுத்துரைக்கும் அருங்கலச்செப்பு போன்ற நூல்களைச் சமணச் சான்றோர் அவர்கட்கு ஆக்கித் தந்தனர். துறவி எப்போதேனும் வருவார். நோன்போ நாள்தோறும் அடுக்களையில் நடைபெற்றது.

பௌத்தம் மறைந்ததற்குக் காரணங்கள் பல. அரசர் ஆதரவு மாறிற்று. பக்தி இயக்கம் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. கடல்வாணிகத்தின் போக்கு மாறிற்று. பௌத்தரும் தமிழுக்கு மணிமேகலையையும் வீரசோழியத்தையும் அளித்தனர் என்பதை மறத்தலாகாது. அரசர் சினம் சமணரையும் விட்டுவைக்கவில்லை. கி.பி. 458இல் சர்வநந்தி உலோகவிபாகம் எழுதிய பாடலிப் பள்ளியைப் பின்னாளில் பல்லவ மன்னன் இடித்து, அக்கற்களால் திருவதிகையில் குணபரஈச்சரம் எழுப்பினான் எனப் பெரியபுராணம் கூறும். இருசாராரும் இடுக்கணுற்றனர். எனினும் மடத்தை நம்பி வாழ்ந்த சமயம் மடத்தோடு மறைந்தது. உழவன் இல்லத்தில் வேரூன்றிய சமயம் மடம் பெயர்ந்தபின்னும் வாழ்ந்தது. இதுவே இப்பாதை நமக்குக் காட்டும் உண்மை என யான் துணிகின்றேன்.

நமக்குரிய படிப்பினை

பிறர் வீழ்ச்சியைக் கூறி மகிழ்வது நம் நோக்கமன்று. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் அரசின் இசைவு பெற்று இடித்தவர்கள் கிறிஸ்தவத் துறவியரே. குளூனியின் கற்களை விற்றவர்களை நாம் பழித்தால், நாகைக் கோபுரத்தின் செங்கற்கள் நம்மைப் பார்த்து வினவும்.

இதே காஞ்சிப் பாதைகளில் நம் முன்னோரும் நடந்தனர். 1837இல் சென்னைக்கு வந்த ஸ்காத்லாந்து அருட்பணியாளர் ஜான் ஆண்டர்சனின் பெயர் தாங்கிய பள்ளி காஞ்சியில் இன்றும் உள்ளது. பழைய சொல் புதிய பொருளில் மீண்டும் இவ்வூரில் நிலைபெற்றது காண்க. பின்னர் வந்தோருள் ஆதாம் ஆண்ட்ரு, செங்கற்பட்டு மாவட்டச் சேரிகளில் நிலமின்றி வாடிய மக்களின் நிலையை அரசின் செவிக்கு எட்டச் செய்தார். 1891இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹியர் அம்மக்களைப் பற்றி எழுதிய அறிக்கையும், அதன்பின் 1892இல் பிறந்த அரசாணையும் பஞ்சமர்க்கு நிலம் வழங்க வழிவகுத்தன. அச்சேரிகளில் ஓலைக்கூரையின்கீழ்க் கூடிய குடும்பங்களே இவ்வட்டாரத்துச் சபைகள் பலவற்றின் வேர் ஆயின.

சீர்திருத்தம் துறவுமடத்தின் கதவைத் திறந்து, இல்லத்தையே இறைப்பணிக் களமாக்கிற்று. துறவியாயிருந்த லுத்தர் 1525இல் மணம்புரிந்து இல்லறத்தைத் தொடங்கினார். ஆயின் நாமோ மிஷன் காம்பவுண்டு என்னும் சுவருக்குள் வேறொரு மடத்தை எழுப்பிக்கொண்டோம் அல்லவா? பள்ளியும் மருத்துவமனையும் விடுதியும் நற்பணிகளே. அவற்றைக் குறைகூற யாரும் துணியார். ஆனால் அவற்றின் உடைமைக்காக நாம் வழக்காடும் காலத்தில் ஒரு பங்கையேனும் நம் மக்களின் வீட்டு வேண்டுதலுக்குச் செலவிடுகின்றோமா? போதகர் ஓராண்டு வாராவிடின், நம் சிற்றூர்க் குடும்பம் ஒன்று தன் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் ஆற்றலுடையதா? அருங்கலச்செப்பைப் போன்று, இல்லறத்தார் மனத்திற் பதியும் எளிய தமிழ்நூல் ஒன்றை நம் கல்லூரிகள் அவர்கட்கு ஆக்கித் தந்துள்ளனவா?

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழிலாளர். அவர்தம் வீட்டில் கூடிய சபையைப் பவுலடியார் வாழ்த்துகின்றார். காஞ்சியின் நெசவாளர் இல்லங்களில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருத்தலைக் காண்போர்க்கு அவ்வாழ்த்தின் பொருள் எளிதில் விளங்கும். தொழில் வீட்டிலிருந்து பிள்ளைகளைச் சேர்ந்தது போலவே விசுவாசமும் சேர வேண்டும்.

குளூனியிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் தெசே என்னும் சிற்றூர் உள்ளது. 1940இல் சீர்திருத்தச் சபையினரான சகோதரர் ரோஜே அங்குத் தனியராய் வந்து தங்கினார். அவரைச் சூழ்ந்து உருவான சமூகத்தார் முதலில் இறைவேண்டல் செய்தது, பெருமடம் வீழ்ந்தபின்னும் நின்ற அவ்வூரின் சிற்றாலயத்திலேயே. இன்று உலகின் பல நாட்டு இளைஞர் அவ்வூரை நாடிச் செல்கின்றனர்.

இறையியல் மாணவர் தம் பயிற்சிக் காலத்தில் ஒருமுறையேனும் காஞ்சியிலிருந்து கரந்தை வரை நடந்து செல்லுதல் நலம். பருத்திக்குன்றின் குராமர நிழலில் சற்றே அமர்ந்து, அங்கே கற்பித்து மறைந்த முனிவர்களை எண்ணுக. கரந்தைக்குச் சென்று, ஒரு சமண உழவர் குடும்பத்தார் கதிர் சாயுமுன் உண்டு முடித்து எழுவதைக் காண்க. அதன்பின் தம் சபைக்குத் திரும்பி, தாம் இல்லாத நாளில் அங்கே எந்த வீட்டில் திருமறை திறக்கப்படும் என்று கேட்டுக்கொள்க.